சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கலாமா?

ஆற்றையும் ஆளையும் கெடுக்காமல் தொழில் செய்கிறவர்களிடம் பார்த்து வாங்குவது எப்படி என்று சென்ற இதழில் உங்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துணியைப் பற்றியவை. சரி, இந்த முறை துணி மட்டும் பேசுவோம்.

குழந்தைக்கு உடுப்பு எடுக்க ஆன்லைனில் தேடினேன். 'மூங்கில் துணி', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'பூமிக்கு நல்லது' என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் 250 ரூபாய்க்குக் கிடைப்பது அங்கே 900. கொடுக்க மனசு இருக்கிறது. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— இளம் தாய், சேலம்

முதலில் அந்த மூங்கில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் 'மூங்கில் துணி' என்று விற்பதில் பெரும்பகுதி விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி, கார்பன் டைசல்பைடு போன்ற ரசாயனங்களில் கரைத்து, மறுபடி நூலாக இழுப்பார்கள். மூங்கில் சீக்கிரம் வளரும், பூச்சிமருந்து அவ்வளவாகத் தேவைப்படாது என்பது நிஜம்தான், ஆனால் மூங்கில் காட்டுக்கும் உங்கள் குழந்தையின் சட்டைக்கும் நடுவில் ஒரு பெரிய ரசாயன ஆலை நிற்கிறது. அந்த ஆலை எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

அதனால் உரிச்சொற்களை விட்டுவிட்டு எண்களைத் தேடுங்கள். பருத்தித் துணியில் ஓரளவு நம்பக்கூடியது ஜிஓடிஎஸ் (GOTS) முத்திரை, ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச்சான்று அது. 'ஆர்கானிக்' என்று அந்த முத்திரையோடு விற்கக் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை இருக்க வேண்டும். 70 சதவீதம் இருந்தால் 'ஆர்கானிக் இழை கலந்தது' என்று போடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பஞ்சோடு நிற்காமல் நூற்பு, சாயம், தையல், கழிவுநீர், தொழிலாளர் நிலைமை வரைக்கும் அந்தத் தரவிதிகள் போகின்றன. நிஜமான லேபிளில் சான்று கொடுத்த அமைப்பின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ஜிஓடிஎஸ் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. வெறும் படம் மட்டும் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். 2020 அக்டோபரில் அதே ஜிஓடிஎஸ் அமைப்பு, இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலி ஆர்கானிக் சான்றிதழ் போடப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து அறிவித்து, 11 கம்பெனிகளுக்குத் தடை போட்டது. இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், திருட்டைப் பிடித்து வெளியே சொல்கிற அமைப்பு இருக்கிறது என்பதே ஒரு தைரியம்தான்.

இன்னொன்றும் உங்கள் கையில் இருக்கிறது. ஆதாரம் காட்டாமல் 'பசுமை', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த ஊரில் சாயம் போட்டீர்கள், கழிவுநீரை என்ன செய்கிறீர்கள், எந்த ஆலையில் தைத்தீர்கள். ஒழுங்காகச் செய்கிறவர்கள் விவரமாகப் பதில் போடுவார்கள், சிலர் ஆலையின் படத்தையே அனுப்புவார்கள். மழுப்பினால் உங்கள் 900 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். பொய் என்று உறுதியாகத் தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

நொய்யல் ஓரத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. எங்கள் கிணறு கெட்டுப் போனபோது எந்த நுகர்வோரும் வந்து கேட்கவில்லை. கோர்ட்தான் கேட்டது. 'பார்த்து வாங்குங்கள்' என்று நீங்கள் எழுதுவதால் என்ன ஆகிவிடும்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கரூர் மாவட்டம்

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. வராத நுகர்வோரில் நானும் ஒருத்தி.

விவரம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு நொய்யல். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு நிறையப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும், உப்பு அப்படியே தண்ணீரோடு வெளியே வரும். கலரை எடுத்துவிடலாம், உப்பை எடுப்பதுதான் கஷ்டம். திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் தண்ணீர் வருஷக்கணக்காக ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. அணையைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் போராடுவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே திறக்காதே என்று போராட வேண்டியிருந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம், அதாவது அந்த ஆற்றுப் பாசன விவசாயிகளின் சங்கம், வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-ல் சொட்டுக் கழிவுகூட வெளியேறக் கூடாது என்பது உறுதியானது. அதன் பிறகும் சரியாகாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம்தான் வேலை வேகமாக நடந்தது. இன்று திருப்பூரில் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே நீங்கள் சொல்வது சரி. ஆற்றுக்காக நின்றவர்கள் விவசாயிகளும் நீதிமன்றமும்தான். ஆனால் நுகர்வோருக்கு வேலை அதற்குப் பிறகு வருகிறது. கழிவைச் சுத்தம் செய்ய மின்சாரம், விறகு, ஆள் என்று ஏகப்பட்ட செலவு. அதைச் செய்கிற பட்டறையின் சாயக்கூலி கூடும். ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலில் திறந்துவிடுகிறவனின் கூலி குறையும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடித்த செய்தி இன்றைக்கும் வந்துகொண்டேதான் இருக்கிறது. அவர்களுக்கு ஆர்டர் எங்கிருந்து போகிறது? விலை ஒன்றையே பார்த்து வாங்குகிற வியாபாரியிடமிருந்து, அவரிடம் விலை ஒன்றையே பார்த்து வாங்குகிற நம்மிடமிருந்து. சட்டத்துக்கு உட்பட்டு நடக்கிறவர் போட்டியில் தோற்றுப் போகாமல் இருக்க அவருடைய துணியை யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும்? நான் கேட்பது அவ்வளவுதான், ஐயா. வழக்குப் போடுவதற்குப் பதிலாகக் கடைக்குப் போகச் சொல்லவில்லை.

கைத்தறி என்று சொல்லி விசைத்தறியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். கண்டுபிடிக்க வழி உண்டா?
— வங்கி ஊழியர், மதுரை

ஓரத்தில் ஊசித்துளை தெரிந்தால் கைத்தறி என்று சொல்வார்கள், அதை நம்பாதீர்கள், விசைத்தறியிலும் துளை விழும். கைத்தறி முத்திரை 2006-ல் இருந்து இருக்கிறது, அதைப் பாருங்கள். பட்டென்றால் பட்டு முத்திரை தனி; அது பட்டுதானா என்று மட்டும் சொல்லும், கையால் நெய்ததா என்று சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என்னைக் கேட்டால் சுலபமான வழி, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்குவது. 1935-ல் ஆரம்பித்த கோ-ஆப்டெக்ஸ் இன்றும் நெசவாளர் சங்கங்களின் துணியைத்தான் விற்கிறது. சென்னிமலைப் பக்கம் போனால் சொசைட்டிக்கே போய் ஒரு போர்வை எடுங்கள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருந்தும் விசைத்தறி ஜமக்காளம் அதே பெயரில் சந்தையை நிறைத்துவிட்டது, நெய்கிறவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள். வீட்டில் ஒரு விசேஷம் வருகிறதென்றால் பவானியில் குழித்தறியில் (குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து நெய்யும் கைத்தறி) நெய்த ஒன்றை வாங்கி விரித்துப் பாருங்கள். என் பாட்டி வீட்டு ஜமக்காளம் இன்னும் என் வீட்டில் கிடக்கிறது, கரை மட்டும்தான் நைந்திருக்கிறது.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். 'அந்தக் கம்பெனி சரியில்லை, வாங்காதே' என்று எல்லோரும் ஆரம்பித்தால் முதலில் வேலை போவது எங்களுக்குத்தான். அதை யோசித்தீர்களா அக்கா?
— தொழிலாளி, திருப்பூர்

யோசிக்கிறேன் தங்கச்சி. 2011-ல் பட்டறைகள் மூடியபோது வேலையில்லாமல் ஊர் திரும்பியவர்களும் தப்புச் செய்தவர்கள் இல்லை. அதனால்தான் 'புறக்கணி' என்ற சொல்லை நான் லேசில் எடுப்பதில்லை. உள்ளே வேலை செய்கிறவர்களே புறக்கணிக்கச் சொல்லிக் கேட்டால் மட்டும் அதற்கு உடன்படுவேன்.

உங்கள் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார், அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையில் நடக்கிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அந்த ஆலையை மூடச் சொல்லவில்லை. துணி வாங்குகிற வெளிநாட்டு பிராண்டுகளைப் பேச்சுக்கு இழுத்தது. 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் மூன்றும் அதற்கு உடன்பட்டன. ஆலைத் தளத்தில் தொழிலாளிப் பெண்களே கண்காணிப்பாளர்களாக இருப்பார்கள், பாலியல் தொல்லையையும் சாதிக் கொடுமையையும் அவர்களிடம் சொல்லலாம், ஆலை நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் ஆர்டரில் கை வைக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், கம்பெனி தன் இணையதளத்தில் போட்டுக்கொள்கிற உறுதிமொழி மாதிரி இல்லை.

எனக்கு இதில் பிடித்தது, ஆர்டர் கொடுக்கிறவனையும் பொறுப்பாக்கியது. விலையை அடித்துக் குறைத்து, நாளையும் குறைத்து ஆர்டர் கொடுத்துவிட்டு, ஆலையில் ஓவர்டைம் நடக்கிறது என்று அதிர்ச்சியடைவதில் அர்த்தமில்லை. அதனால் வாசகர்கள் ஒரு கம்பெனியிடம் கேட்க வேண்டிய நாலாவது கேள்வி: உங்கள் ஆலையில் சங்கம் இருக்கிறதா? பெரிய கம்பெனி என்றால் இன்னொரு வழியும் உண்டு. பங்குச் சந்தையில் மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்புடைமை அறிக்கை ஒன்றைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியின் விதி. தண்ணீர், கழிவு, சம்பளம், வந்த புகார்கள் எல்லாம் அதில் இருக்கும். நூற்பாலை வைத்திருக்கிற கம்பெனி என்றால் நான் முதலில் அதில்தான் தேடுவேன். கல்யாணச் செலவுக்குக் கடைசியில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வைக்கப்பட்ட பெண்கள் அந்த நூற்பாலைகளில்தான் இருந்தார்கள், சட்டை லேபிளில் நூற்பாலையின் பெயர் வரவே வராது.

உங்கள் கம்பெனியில் புகார்க் குழு இருந்தால் அதில் யார் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், பெயர் வெளியே வராது.

மாதம் மூவாயிரத்தில் ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் பார்க்கிறேன். 199 ரூபாய் டி-ஷர்ட்தான் எனக்குக் கட்டுப்படியாகும். நான் தப்புச் செய்கிறேனா?
— கல்லூரி மாணவர், திருச்சி

இல்லை தம்பி. அந்த டி-ஷர்ட்டை வாங்குங்கள், மூன்று வருஷம் போடுங்கள். தையல் விட்டால் நாமே போட்டுக்கொள்ளலாம், ஒரு ஊசியும் நூலும் போதும். நண்பனின் அண்ணன் சட்டை அளவாக இருந்தால் கூச்சப்படாமல் வாங்கிப் போடுங்கள். கையில் காசு இருக்கிறவர்கள் மாதம் நாலு டி-ஷர்ட் வாங்கி இரண்டு தடவை போட்டுத் தூக்கிப் போடுவதுதான் எனக்குக் கவலை, அவர்களுக்குத்தான் மேலே இவ்வளவு எழுதினேன். கல்லூரியில் விழா டி-ஷர்ட் அடிப்பீர்கள் அல்லவா, ஐந்நூறு, ஆயிரம் என்று? அந்த ஆர்டர் கொடுக்கிற கமிட்டியில் உட்கார்ந்து, சாயம் எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சட்டைக்குப் பதில் சொல்லாத வியாபாரி ஆயிரம் சட்டைக்குச் சொல்வார். என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.