இறாலின் உடற்குழி எங்கே போயிற்று?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் நீட் தேர்வுக்கும் தயாராகிறாள். இறால் போன்ற கணுக்காலிகளுக்கு உண்மையான உடற்குழி உண்டு என்று அவளுடைய விலங்கியல் புத்தகத்தில் இருக்கிறது. காசிமேட்டில் வாங்கிவந்த இறாலை உரித்துப் பார்த்தால் குழி எதையும் காணோம். கடம்பா எனும் கணவாயிலோ பெரிய பையே இருக்கிறது. உருளைப்புழுவுக்கு இருக்கும் குழியை மட்டும் ஏன் போலி என்கிறார்கள்? அவளுக்கு இதை எப்படி விளக்குவது?"

புத்தகம் சொல்வதும் சரி, உங்கள் மகள் கண்டதும் சரி. உடலுக்குள் வெற்றிடம் இருக்கிறதா என்று தேடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. விலங்கியலில் உடற்குழி என்பது, கருவின் நடுப்படைக்குள் உருவாகி எல்லாப் பக்கமும் நடுப்படைச் சவ்வே போர்த்தியிருக்கும் குழியைக் குறிக்கும். கருவின் புறப்படையிலிருந்து மேல்தோலும் நரம்பு மண்டலமும், அகப்படையிலிருந்து உணவுக்குழலின் உட்பூச்சும், இடையிலுள்ள நடுப்படையிலிருந்து தசை, எலும்பு, இரத்தம் ஆகியவையும் தோன்றுகின்றன என்பதை அவள் படித்திருப்பாள். ஆகவே எந்தக் குழியைக் கண்டாலும், அதன் சுவரைப் போர்த்தியிருப்பது எந்தப் படை என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு மடவை மீன் போதும். கடைக்காரரிடம் வெட்டித் தரச் சொல்லாமல் முழு மீனாக வாங்கி வாருங்கள். மலத்துளையிலிருந்து செவுள் நோக்கி, கத்தியை ஆழமாக இறக்காமல், வயிற்றின் நடுக்கோட்டில் கீறுங்கள். உள்சுவரில் கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். சமைக்கும்போது கசக்கும் என்று நாம் சுரண்டி எறிகிறோமே, அதுதான் நடுப்படையிலிருந்து வந்த வயிற்றறைச் சவ்வு. குடலை மெதுவாகத் தூக்கினால், அதை முதுகுப்புறத்தோடு பிணைத்துத் தாங்கும் கண்ணாடி போன்ற மெல்லிய தாளையும் காணலாம்; சுவரிலிருந்து புறப்படும் சவ்வே அந்தத் தாளாகத் தொடர்ந்து, குடலின் மேலும் போர்வையாகப் படர்கிறது. இப்படிச் சுவர்ப்பக்கம், குடல்பக்கம் இரண்டிலும் நடுப்படை இருப்பதால் இது உண்மையான உடற்குழி. நமக்கும் இதே அமைப்புதான். மகோதரம் வந்தவருக்கு நீர் கோத்துக்கொள்வது இந்தக் குழியில்தான்.

இப்போது உருளைப்புழுவுக்கு வருவோம். மனிதக் குடலில் வாழும் உருளைப்புழுவான அஸ்காரிசில், 20 முதல் 35 செ.மீ. வரை வளரும் பெண் புழுவின் உடற்சுவரின் உட்புறத்தில் நடுப்படையிலிருந்து வந்த தசை உண்டு. ஆனால் அதன் குடல் வெறும் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. மேலே தசையும் இல்லை, போர்வைச் சவ்வும் இல்லை. இரண்டுக்கும் இடையில் திரவம் நிறைந்திருக்கும் இடம், கருவின் தொடக்க நிலையிலிருந்த கருக்கோளக் குழியின் எச்சம். ஒரு பக்கம் நடுப்படை, மறுபக்கம் அகப்படை என்று இருப்பதால் அது போலி உடற்குழி எனப்படுகிறது. போலி என்ற சொல் கொஞ்சம் அநியாயமானது என்பேன். உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம்தான் புழுவின் உடலை விறைப்பாக வைத்து, தசைகள் இயங்குவதற்குப் பிடிமானமும் தருகிறது. நாடாப்புழு போன்ற தட்டைப்புழுக்களில் சுவருக்கும் உள்ளுறுப்புகளுக்கும் இடைப்பட்ட இடத்தைத் திசுவே அடைத்துக்கொள்வதால், உடற்குழி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இறாலின் கதை வேறு. கணுக்காலிகளின் கருவில் நடுப்படைக்குள் சிறுசிறு பைகளாக உடற்குழி தோன்றத்தான் செய்கிறது. வளர வளர அது சுருங்கி, இனப்பெருக்க உறுப்புகள், கழிவுச் சுரப்பிகள் ஆகியவற்றின் உள்ளிடமாக மட்டும் எஞ்சுகிறது. உறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் முக்கிய இடத்தை, இரத்தம் நிறைந்து உறுப்புகளை நேரடியாக நனைக்கும் இரத்தக்குழி பிடித்துக்கொள்கிறது. புது இறாலின் தலை ஓட்டைக் கழற்றும்போது கையில் வழியும் நீர்மத்தில் பெரும்பகுதி அந்த இரத்தமே. அதில் செம்பு கலந்த ஹீமோசயனின் இருப்பதால் அது நம் இரத்தம்போல் சிவப்பாக இராது. வாலை உரித்தபோது உங்கள் மகள் கண்டது பெரும்பாலும் தசை, அதன் முதுகோரமாக ஓடும் கறுப்பு நரம்பு என்று நாம் சொல்லும் குடல்.

கடம்பாவின் பைதான் பலரையும் ஏமாற்றுகிறது. தலையோடு உள்ளுறுப்புகளை இழுத்தெடுத்தபின் மசாலா அடைக்கிறோமே, அந்தக் கூடு மேன்டில் எனப்படும் போர்வையால் ஆனது. உயிரோடு இருக்கையில் அதற்குள் கடல்நீர் வந்து போகும், செவுள்களும் அங்கேதான் இருக்கும். அந்த இடம் வெளியுலகத்தின் ஒரு பகுதி. அதைப் போர்த்தியிருப்பது புறப்படைத் தோல். கடம்பாவின் உண்மையான உடற்குழி இதயம், சிறுநீரகம், இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றை ஒட்டி இருக்கிறது.

வலையில் சிக்கும் சொறியை, அதாவது ஜெல்லி மீனை, இந்த வரிசையில் சேர்க்கவே வேண்டாம். அதற்குப் புறப்படையும் அகப்படையும் மட்டுமே உண்டு. இடையிலுள்ள கூழ் மீசோகிளியா, நடுப்படை அன்று. ஜெல்லி மீனின் இந்த இரண்டு அடுக்குகளைக் கருவின் அடுக்குகளோடு ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி 1849-லேயே ஒப்பிட்டுக் காட்டினார்.

தேர்வுக்கு ஓர் எச்சரிக்கை. குழியற்றவை, போலிக் குழியுடையவை, உண்மைக் குழியுடையவை என்ற வரிசையைப் பரிணாம ஏணியாக அவள் எண்ணிவிடக் கூடாது. 1997-இல் வெளியான மரபணு வரிசை ஆய்வு போலிக் குழியுள்ள உருளைப்புழுக்களையும் உண்மைக் குழியுள்ள கணுக்காலிகளையும் தோலுரிக்கும் விலங்குகள் என்று ஒரே கிளையில் வைத்தது. தேர்வுத் தாளில் இறாலைப் பற்றிய கேள்வி வந்தால், உண்மை உடற்குழி உடையது, முதன்மைக் குழி இரத்தக்குழி என்று இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.