குகையும் கோட்டையும் பார்த்தபடி காட்டுப்பாதையில் சைக்கிள்: பிரான்சில் எங்கே, எப்படி?

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வார இறுதிகளில் காட்டுப்பாதைகளில் மவுன்டன் பைக் ஓட்டுவோம். நடுத்தரமான பாதை என்றால் பயமில்லை, குதிப்பது பறப்பதெல்லாம் கிடையாது. செப்டம்பரில் ஒரு வாரம் பிரான்ஸ் போகிறோம். கிராமப்புறமாகச் சுற்ற வேண்டும், வழியில் பழைய கோட்டை, குகை, ஊர்களையும் பார்க்க வேண்டும். லுவார், லுபெரோன், கத்தார் (இடைக்காலக் கிறிஸ்தவப் பிரிவு ஒன்றின் பெயர்) கோட்டைகள், தோர்தோன் என நாலு இடம் யோசித்து வைத்திருக்கிறோம். எங்கே போகலாம்? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? மனைவிக்கு மட்டும் எலெக்ட்ரிக் எடுத்தால் சரிவருமா?

பதில்: தோர்தோன். அதிலும் குறிப்பாக, வெஸேர், தோர்தோன் ஆறுகளை ஒட்டி, லெஸ் எய்ஸி, சார்லா என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னத் துண்டு. மற்ற மூன்றும் மோசம் என்று சொல்லவில்லை, உங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை. லுவார் பள்ளத்தாக்கில் அரண்மனைகள் அருமையானவைதான், ஆனால் பாதை ஆற்றோரமாகத் தட்டையாகப் போகும். அதற்கு மவுன்டன் பைக்கே வேண்டாம், சாதாரண சைக்கிள் போதும். கத்தார் கோட்டைகள், அதாவது பெய்ர்பெர்த்யூஸ், கெரிபுஸ் மாதிரியானவை, பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் செங்குத்தான ஏற்றம், காற்று வேறு. ஒரு நாள் முழுக்க மிதித்து ஒரு கோட்டை பார்ப்பீர்கள். லுபெரோன் அழகு, ஆனால் அந்தப் பக்கம் கோடையில் காட்டுத்தீ அபாயம் என்று காடுகளுக்குள் போகவே தடை போடுவார்கள், அது செப்டம்பர் வரைகூட நீளும். டிக்கெட் எல்லாம் போட்டுவிட்டுப் போய் பாதை மூடியிருந்தால் என்ன செய்வது?

வெஸேரில் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், ஓக்கும் செஸ்ட்நட்டும் கலந்த காடு, நடுவில் புல்வெளிப் பள்ளத்தாக்கு. குன்றுகள் உயரமில்லை, ஆனால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் சைக்கிள் ஓட்டிய திருப்தியும் கிடைக்கும். மனிதர்கள் பத்தாயிரக்கணக்கான வருடங்களாக வாழ்ந்த இடம் இது. 1868-ல் லெஸ் எய்ஸியில் ரயில் பாதையை ஒட்டி நடந்த வேலைக்காக மண்ணை வெட்டியபோதுதான் குரோ-மாக்னோன் மனிதர்களின் (ஐரோப்பாவில் வாழ்ந்த நம் இனத்து ஆதிமனிதர்கள்) எலும்புகள் கிடைத்தன. நீங்கள் போய் இறங்கப்போவதும் அதே ஊரின் ஸ்டேஷனில்தான். பள்ளத்தாக்கின் குகைகளும் தொல்லிடங்களும் 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

தூரத்துக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலானவர்கள் கணக்குத் தவறுகிறார்கள். ஊரில் காலையில் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறோமே என்று அதையே அங்கேயும் திட்டம் போடாதீர்கள். காட்டுப்பாதையில் 30 கிலோமீட்டர், 600, 700 மீட்டர் ஏற்றம், இதுவே ஒரு நாளுக்குப் போதும். ஓட்டுவதற்கு நாலு மணி நேரம் என்றால், வழி தவறுவது, கேட் திறந்து மூடுவது, பஞ்சர், போட்டோ எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரம் ஆகிவிடும். அதற்கு மேல் கோட்டைக்குள் இரண்டு மணி நேரம் படியேறி இறங்கினால் அடுத்த நாள் கால் வராது. ஒரு நாளைக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தாலே போதும், பல இடங்களில் வெளியிலிருந்து பார்ப்பதுதான் அழகும்கூட.

நேரம் குறித்த டிக்கெட் உள்ள இடத்தைக் காலையில் முதல் வேலையாக வையுங்கள், சைக்கிளை அப்புறம் எடுங்கள். மதியம் மூன்று மணிக்கு டிக்கெட், அதற்குள் இருபது கிலோமீட்டர் காட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று கிளம்பினால், இரண்டரை மணிக்குச் சேற்றில் நின்று செயினை நோண்டிக்கொண்டிருப்பீர்கள். லெஸ் எய்ஸியை ஒட்டிய ஃபோன்-த-கோம் குகைக்கு இது ரொம்ப முக்கியம். ஆதிமனிதர்கள் வரைந்த வண்ண ஓவியங்கள் உள்ள உண்மையான குகை, நகல் இல்லை. 1901-ல் உலகத்துக்குத் தெரியவந்தது, இன்றும் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். ஆனால் ஒரு நாளைக்கு மிகக் குறைந்த பேர்தான், முன்பதிவு இல்லாமல் போனால் ஏமாற்றம். டிக்கெட் கட்டிடத்திலிருந்து குகை வாய்க்கு மேடேறி நடக்க வேண்டும், உள்ளே சந்து குறுகல், முதுகுப்பை ஆகாது. காலையில் அறையில் பையை வைத்துவிட்டு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் சைக்கிளை எங்கே பூட்டுவது என்ற கவலையும் இல்லை. அங்கே காட்டெருமைகளைப் பாருங்கள். வழிகாட்டி விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது பாறையின் புடைப்பே தோள்பட்டையாகத் தெரியும், விளக்கு தள்ளிப்போனால் வெறும் சுவர். குகைகளுக்குள் வருடம் முழுக்க 13 டிகிரி பக்கம்தான் இருக்கும், வியர்வையோடு போனால் நடுங்குவீர்கள், ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

லாஸ்கோ ஓவியக் குகையைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பீர்கள். 1940-ல் நாலு பையன்கள் கண்டுபிடித்த அசல் குகையை 1963-லேயே மூடிவிட்டார்கள், பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே ஓவியத்தைக் கெடுக்கத் தொடங்கியதால். இப்போது காட்டுவது மோந்தின்யாக்கில் 2016-ல் திறந்த முழு நகல். நகல்தானே என்று ஒதுக்க வேண்டாம், நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வாரம்தான் இருக்கிறது, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் ஃபோன்-த-கோமுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். லாஸ்கோவுக்குப் போவதென்றால் வெஸேரை ஒட்டி மேலே போகும் வழியில் லா ரோக் சேன்-கிறிஸ்தோஃப் வரும், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அடுக்கடுக்காகக் குடையப்பட்ட செங்குத்துப் பாறை, அதற்குள் ஒரு ஊரே வாழ்ந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி சேன்-லெயோன், ஆற்றங்கரையில் பழைய ரோமனெஸ்க் தேவாலயம், மதியச் சாப்பாட்டுக்குச் சரியான இடம். மோந்தின்யாக் போய்த் திரும்புவதற்கு முழு நாள் வேண்டும்.

ஒரு வாரத்தை இரண்டு தங்குமிடமாகப் பிரியுங்கள்: முதல் பாதி லெஸ் எய்ஸி, அடுத்த பாதி சார்லா. நடுவில் பையோடு மாறிப்போகிற அந்த ஒரு நாள்தான் பயணத்திலேயே சிறந்த நாள் என்பது என் கருத்து. லெஸ் எய்ஸியிலிருந்து பேன் (Beune) ஓடைப் பள்ளத்தாக்கை ஒட்டிக் கிழக்கே போங்கள். அடிவாரம் சதுப்பு, அதனால் பாதை சரிவில் மரங்களுக்குள்ளேயே ஏறி இறங்கும். மரம் விலகும் இடத்தில் கொமார்க் கோட்டை நிற்கும்: இடிந்த சுவர்கள், மேலே ஒரு கோபுரம், எதிர்ப்பக்கம் பாறைமேல் லோஸெல் கோட்டை. காரில் வருகிறவர்கள் வண்டியை மேலே விட்டுவிட்டுக் காட்டுக்குள் நடந்துதான் இறங்க வேண்டும், அதனால் பஸ் கூட்டம் இல்லை. கோட்டைக்கு அடியிலேயே வரலாற்றுக்கு முந்தைய குகை, பக்கத்துச் சரிவில் காப் ப்ளான், அங்கே பாறையில் புடைப்பாகச் செதுக்கிய குதிரைகள். அங்கிருந்து மார்கே வழியாக, சுண்ணாம்புக்கல்லை வெறுமனே அடுக்கிக் கட்டிய ப்ரெய் குடிசைகளைப் பார்த்துவிட்டுச் சார்லாவுக்கு இறங்கலாம். பைகளை டாக்ஸியில் அனுப்பிவிடுங்கள், சுமந்துகொண்டு ஓட்டுகிற பாதை இல்லை இது.

சார்லாவிலிருந்து தெற்கே போனால் தோர்தோன் ஆறு. பெய்னாக்கும் காஸ்தெல்நோவும் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறைத்துக்கொண்டு நிற்கும் கோட்டைகள். 1337-லிருந்து 1453 வரை நடந்த நூற்றாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர்கள் பக்கம், மற்றது பல காலம் ஆங்கிலேயர் கையில். இரண்டில் ஒன்றுக்குள்தான் போக நேரம் என்றால் காஸ்தெல்நோ; அங்கே இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது, கல்லெறி இயந்திரங்களை நிஜ அளவில் நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியே கொஞ்சம் மேற்கே போனால் மிலாந்த், பாடகியும் நடனக் கலைஞருமான ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த அரண்மனை. கிழக்கே லா ரோக் காஜாக், அப்புறம் தோம். தோம் 1281-ல் திட்டமிட்டுக் கட்டிய மதில் சூழ்ந்த ஊர், ஆற்றிலிருந்து 150 மீட்டர் உயரத்தில். கடைசி ஏற்றம் மூச்சு வாங்கும், மேலே போனால் முழுப் பள்ளத்தாக்கும் தெரியும். ஆற்றோரக் கார் சாலையை மட்டும் தவிருங்கள், குறுகல், வேன்கள் உரசிக்கொண்டு போகும். குன்றுமேல் பாதைகளைப் பிடித்து, ஆற்றைக் கடக்க மட்டும் கீழே இறங்குங்கள். கால் வலித்தால் ஒரு நாள் சார்லா பக்கத்திலிருந்து கிளம்பும் பழைய ரயில் பாதையில் சும்மா உருட்டலாம், அது இப்போது தார் போட்ட சைக்கிள் வழி. சனிக்கிழமை சார்லா சந்தை, அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வழி கண்டுபிடிக்க பிரான்சின் அரசு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.னின் 1:25,000 வரைபடத்தைப் போனில் இறக்கிவையுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். மவுன்டன் பைக் தடங்களில் ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும் போட்ட குறி இருக்கும், முக்கோணம் காட்டும் திசையில் போக வேண்டும். நிறம் கடினத்தைச் சொல்லும்: பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஏறிக்கொண்டே போகும். உங்களுக்கு நீலம் தாராளமாக, சிவப்பு காய்ந்த நாளில். வெள்ளை சிவப்புக் கோடுகள் நீண்ட நடைபாதைக்கானவை, தடைப்பலகை இல்லாவிட்டால் சைக்கிளும் போகலாம், ஆனால் நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும், திடீரென்று படிக்கட்டும் வரும். அதே நிறங்களில் பெருக்கல் குறி தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று அர்த்தம். மழை பெய்தால் களிமண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது, அன்றைக்குக் குகையும் அருங்காட்சியகமும்தான்.

சைக்கிளை வாடகைக்கே எடுங்கள். ஒரு வாரத்துக்காக விமானத்தில் பெட்டி கட்டிக்கொண்டுபோவது வீண் வேலை. எலெக்ட்ரிக் என்றால் வேறு வழியே இல்லை, 160 வாட்-மணி (Wh) அளவுக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள், மவுன்டன் பைக் பேட்டரி அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். கடையில் மவுன்டன் பைக்கை 'வே-தே-தே' என்பார்கள். முன்கூட்டியே பதிவு செய்யும்போது இருவரின் உயரத்தையும் எழுதுங்கள், சின்ன ஃப்ரேம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பணமாகக் கார்டில் பெரிய தொகையைப் பிடித்துவைப்பார்கள், வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழகிய பெடலும் சீட் கவரும் மட்டும் கையோடு எடுத்துப்போகலாம்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் பிரேக்கைக் கவனியுங்கள். நம் ஊரிலும் பிரிட்டனிலும் வலது கை முன் பிரேக். பிரான்சில் இடது கைதான் முன் பிரேக். செங்குத்தான இறக்கத்தில் பதற்றத்தில் பழக்கதோஷத்தில் இடது கையை இறுக்கினீர்கள் என்றால் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவீர்கள். அரை மணி நேரம் தட்டையான இடத்தில் ஓட்டிக் கை பழகிய பிறகே காட்டுக்குள் போங்கள்.

மனைவிக்கு மட்டும் எலெக்ட்ரிக் என்பது நல்ல யோசனைதான், யார் வேகம் குறைவோ அவருக்கு. (அது மனைவிதான் என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்களா, கேட்டீர்களா?) ஏற்றத்தில் இருவரும் சேர்ந்தே போகலாம், ஒருவர் மேலே நின்று காத்திருக்கும் சண்டை இல்லை. மோட்டார் 25 கிலோமீட்டர் வேகத்தோடு உதவியை நிறுத்திவிடும், காட்டில் அது போதும். ஆனால் எடை இருபது கிலோவுக்கு மேல். படிக்கட்டு, விழுந்த மரம் என்று வந்தால் இருவரும் சேர்ந்துதான் தூக்க வேண்டும்.

போர்தோவிலிருந்து பெர்ஜெராக் வழியாகச் சார்லாவுக்கு ரயில் இருக்கிறது, லெஸ் எய்ஸிக்கு நடுவில் ல புய்ஸோனில் மாற வேண்டும். பெரிகெ வழியாக வந்தால் நேராகவே போகலாம். சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள், தாண்டினால் சமையலறை மூடிவிடும், கிராமக் கடையும் சாத்தியிருக்கும். காலையிலேயே பேக்கரியில் எதையாவது வாங்கிப் பையில் போடுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், வாசலருகே பெரும்பாலும் குழாய் இருக்கும், சைக்கிள்காரர்கள் எல்லோரும் அங்கேதான் நிரப்புவார்கள். 'நோன் பொதாப்ள்' என்று பலகை இருந்தால் குடிக்காதீர்கள்.

செப்டம்பரில் வேட்டைக்காலம் தொடங்கிவிடும். பாதை ஓரத்தில் வேட்டை நடக்கிறது என்ற பலகையோ ஆரஞ்சுச் சட்டைக்காரர்களோ தெரிந்தால் நின்று ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்களே வேறு வழி சொல்வார்கள். நீங்களும் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். முதலில் குகைக்குத் தேதி வாங்குங்கள், அப்புறம் சைக்கிள், அறை, கடைசியாக ரயில். செப்டம்பரின் மூன்றாவது வார இறுதியில் பிரான்ஸ் முழுக்கப் பாரம்பரிய நாட்கள் கொண்டாடுவார்கள், வழக்கமாகப் பூட்டிக்கிடக்கும் கட்டிடங்கள்கூட அன்றைக்குத் திறந்திருக்கும், பல இடங்களில் கட்டணமும் இல்லை. உங்கள் வாரத்தை அதையொட்டி வைக்க முடிந்தால் வையுங்கள்.