பலகைப் பாய்ப்படகு திருத்துவோருக்கு: ஓடாவியிடம் கேட்டவை

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் பலகைப் படகுகளைத் திருத்துகிற ஓடாவி, அதாவது படகுத் தச்சன், நான். சேர்ந்துபோன கேள்விகளுக்கு ஒரே இருப்பில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணை, 24 அடிப் பழைய பாய்ப்படகு ஒன்று மலிவாகக் கிடைத்தது. பலகை இடுக்கெல்லாம் ஒழுக்கு. வெளியே முழுக்க பைபர் (கண்ணாடியிழை) ஒட்டிவிட்டால் என்ன?

பதில்: வேண்டாம் தம்பி. பலகை ஊறினால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். பைபர் அதோடு சேர்ந்து அசையாது, எங்கேயாவது பிரியும். அப்புறம் மேல்தளத்தால் இறங்குகிற மழைத்தண்ணீர் இரண்டுக்கும் நடுவே போய்த் தேங்கும். உப்புத்தண்ணீரில் மரம் லேசில் உக்காது. உக்க வைப்பது மழைத்தண்ணீர்தான். எங்கள் ஊரில் வாடைக்காற்றோடு வருகிற மாரி ஒன்று போதும்.

பெயின்ட் மின்னும் படகு ஒன்றை ஒருமுறை கத்தியால் குத்திப் பார்த்தேன். மேல்தளத்துக்குக் கீழே வங்குகளின், அதுதான் படகின் விலாக் கட்டைகளின், தலையெல்லாம் தேநீரில் ஊறின பிஸ்கட். சொந்தக்காரர் அடிப்பக்க ஒழுக்குக்குத்தான் பயந்துகொண்டிருந்தார்.

நீங்கள் முதலில் மேல்தளத்தின் ஒழுக்கை நிறுத்துங்கள். பிறகு அடியில் நீளத்துக்கு முதுகெலும்பு போல ஓடும் ஏராக்கட்டையையும் வங்குகளையும் பாருங்கள். அவை உறுதியானால்தான் கலப்பத்து, அதாவது இடுக்கு அடைப்பது: பழையதைச் சுரண்டி எடுத்து, பஞ்சுத்திரியை அளவாக அடித்து, மேலே பூச்சு. இறுக்கி அடித்தால் பலகை ஊறிப் பருக்கும்போது வங்கையே நெம்பிவிடும். இந்த வரிசையை மாற்றினால் காசுதான் நட்டம்.

கேள்வி: பழைய ஆணிகளுக்குப் பதிலாகப் பித்தளை போடலாமா?

பதில்: கூடாது. பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல் தின்றுவிடும். மிஞ்சுகிற செம்பு கையாலேயே பொடியும். செப்பாணி அல்லது சிலிக்கன் வெண்கலம்.

கேள்வி: எங்கள் பக்கத்து மரங்களில் எது நல்லது?

பதில்: அந்தக் காலத்தில் படகுக்குச் சாவண்டலையைத் தேடுவார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே திருகோணமலை மரம்தான்! வளையும், முறியாது. இப்போது கிடைப்பது அரிது. வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே பலகைக்குத் தேக்கு, வங்குக்கு வேம்பு. 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போன வல்வெட்டித்துறைக் கப்பல் அன்னபூரணி வேம்பில் கட்டியது என்று சொல்வார்கள்.

கேள்வி: 'திருகோணமலை' என்ற பெயரில் ஒரு பழைய போர்க்கப்பல் இங்கிலாந்தில் நிற்கிறதாமே, அது இங்கே கட்டியதா?

பதில்: இல்லை. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கினார்கள். இப்போது ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது. அதைத் திருத்தி முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. உங்கள் வீட்டுக்காரி "எப்போ முடியும்?" என்று கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பூட்ட ஆசை. சரிவருமா?

பதில்: துறைமுகத்துக்குள் ஓடுவதற்கு அருமை, சத்தமே இல்லை. கணக்கைப் பாருங்கள்: 4 கிலோவாட் மோட்டாரை முழுவேகத்தில் ஓட்டினால் 10 கிலோவாட்மணி பற்றரி இரண்டரை மணித்தியாலம் தாங்கும். பருத்தித்துறைக்குப் போகிறவர் பாயை நம்ப வேண்டும். எஞ்சின் இருந்த இடத்திலேயே பற்றரியை வையுங்கள், இல்லையேல் அணியமோ (முன்பக்கம்) அமரமோ (பின்பக்கம்) தூக்கிக்கொள்ளும்.

கேள்வி: பருத்திப் பாயா, டாக்ரானா?

பதில்: டாக்ரான், அந்தச் செயற்கை இழைத் துணிதான். செம்மண் நிறத்திலும் வருகிறது, பழைய அழகு கெடாது. இறக்கியதும் உறை போடுங்கள், வெயில் அரித்துவிடும்.

கேள்வி: ஐயா, நான்கு மாதம் கரையில் வைத்துத் திருத்தி நேற்று இறக்கினோம். இரவு முழுக்கத் தண்ணீர் இறைக்கிறோம். வேலை பிழைத்துவிட்டதா?

பதில்: பயப்படாதீர்கள். காய்ந்த பலகை ஊறி இடுக்கு அடைபட இரண்டு மூன்று நாள் போகும். இறக்குவதற்கு முன்பே ஈரச்சாக்குப் போட்டு வைத்திருந்தால் இவ்வளவு வந்திராது. பம்புக்கு இரண்டாவது பற்றரி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், யாராவது ஒருவர் படகிலேயே படுக்கட்டும். நாளைக்கு இன்றைவிடக் குறைவாக இறைத்தால் சரி. கூடினால் உடனே கரையேற்றுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.