மூன்று கேமரா, ஒரே ஒலி: கச்சேரி எடிட்டிங் கேள்வி பதில்

சபா மேடை, மூன்று கேமரா, மிக்சரிலிருந்து ரெக்கார்டரில் இறங்கிய ஒரே ஸ்டீரியோ ஒலி. இவற்றை எடிட்டில் சேர்ப்பது பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, இரண்டரை மணி நேரக் கச்சேரி. வர்ணத்தில் மூன்று கேமராவும் ஒலியோடு ஒட்டி நிற்கின்றன. தனி ஆவர்த்தனம் வரும்போது மிருதங்கக் கை முந்திப் போகிறது. ஏன்?

முதலில் அளந்து பாருங்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் எத்தனை ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப்படம்) விலகல் என்று எழுதிக்கொண்டால் காரணம் தானே தெரியும். எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் கேமரா மேடையிலிருந்து தள்ளி இருந்திருக்கிறது. மணிக்கு 3.6 நொடி வீதம் வளர்ந்தால், நொடிக்கு 29.97 ஃபிரேம் என்பதை 30 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் திடீரென்று தாவினால் கேமரா கோப்பை 4 ஜிபியில் உடைத்த இடம் அது. சில கேமராக்களில் அங்கே சில ஃபிரேம்கள் காணாமல் போகும்.

உங்களுடையது நான்காவது வகை: கொஞ்சம் கொஞ்சமாக வளர்வது. ஒவ்வொரு கருவியும் தனக்குள் இருக்கும் படிகத்தை வைத்துத்தான் நேரம் எண்ணுகிறது. இரண்டு படிகங்களுக்குள் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே மணிக்கு 72 மில்லி நொடி. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லி நொடி. இரண்டரை மணியில் நாலரை ஃபிரேம் ஆகிவிடும். வயலின் வில்லில் அது தெரியாமல் போகலாம், மிருதங்கத்தில் தெரியும்.

தீர்வு: மல்டிகேம் கிளிப் (எல்லாக் கேமராவையும் ஒன்றாகக் கட்டிய கிளிப்) உருவாக்கும் முன்பே ஒவ்வொரு கேமரா கோப்பையும் பாட்டு முடிந்து கைதட்டல் வரும் இடங்களில் வெட்டி, துண்டு துண்டாக ஒலியோடு மறுபடி பொருத்துங்கள். 20 நிமிடக் கிருதிக்குள் விலகல் 24 மில்லி நொடிதான், ஒரு ஃபிரேம்கூட இல்லை. ராகம் தானம் பல்லவி முக்கால் மணி போனால் தானத்துக்கு முன் இன்னொரு வெட்டு. துண்டுகளை வலப்பக்கம் தள்ளும்போது இடையில் ஒன்றிரண்டு ஃபிரேம் காலியாக விழும். அந்த நொடியில் வேறு கேமராவில் இருந்துவிடுங்கள்.

கேள்வி: வேவ்ஃபார்ம் (ஒலியின் அலை வடிவம்) வைத்துத்தான் சேர்த்தேன். பின்வரிசை கேமராவில் மட்டும் எப்போதும் ஒரு ஃபிரேம் பிசகு.

எத்தனை மீட்டர் தள்ளி? ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 14 மீட்டருக்கு 40 மில்லி நொடி, சரியாக ஒரு ஃபிரேம். அந்தக் கேமராவின் மைக்குக்கு ஒலி தாமதமாக வந்தது, படம் தாமதிக்கவில்லை. வேவ்ஃபார்மைப் பொருத்தினால் படம் ஒரு ஃபிரேம் முந்தும். அந்தக் கிளிப்பை வலப்பக்கம் ஒரு ஃபிரேம் நகர்த்துங்கள். மென்பொருளின் தவறு அல்ல இது.

கேள்வி: மிக்சர் ஒலிதான் இருக்கிறதே, கேமராவின் மைக்கை அணைத்துவிடலாமா?

கூடாது. அந்த ஒலி இறுதி வீடியோவில் வராது, ஆனால் பொருத்துவதற்கு அதுதான் பிடி.

கேள்வி: பதிவுக்கு முன் என்னென்ன அமைக்க வேண்டும்?

மூன்று கேமராவிலும் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சபா விளக்குகள் துடிக்காது. ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பு. இது மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. பல ரெக்கார்டர்கள் 2 ஜிபியில் புதுக் கோப்பு தொடங்கும், ஆகவே இரண்டு மணி கடந்ததும் ஒரு துண்டு வரும். முதலில் அவற்றை ஒட்டிவிட்டுப் பிறகு பொருத்துங்கள். பாட்டுக்குப் பாட்டு ரெக்கார்டிங்கை நிறுத்தாதீர்கள். கேமரா மைக் திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: நான்காவது கோணத்துக்கு ஃபோன் வைக்கலாமா?

வைக்கலாம். ஃபோன் ஃபிரேம் வேகத்தை நடுவில் கூட்டிக் குறைக்கும், அதனால் விலகல் சீராக இருக்காது. எடிட்டில் ஏற்றும் முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஐஃபோன் என்றால் கேமரா செட்டிங்கில் ‘ஷோ பால் (PAL) ஃபார்மட்ஸ்’ போட்டால் 25 கிடைக்கும்.

கேள்வி: கேமரா மாற்றும்போதெல்லாம் ஒலியும் மாறுகிறது, பிரீமியரில்.

‘மல்டி கேமரா ஆடியோ ஃபாலோஸ் வீடியோ’வை எடுத்துவிடுங்கள். ரிசால்வில் மல்டிகேம் வியூவருக்குக் கீழே வீடியோ மட்டும் என்ற குறியைத் தேர்வு செய்யுங்கள். எந்த மென்பொருளிலும் நடக்கும் வழி: மிக்சர் ஒலியைத் தனித் தடத்தில் வைத்துப் பூட்டி, மற்றதெல்லாம் மியூட்.

கேள்வி: சார், என் வீடியோவும் போகப் போக விலகுகிறது.

முதல் பதில். எத்தனை ஃபிரேம் என்று அளந்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வீணைக்கு எந்த மைக் நல்லது?

ஒலிப்பதிவாளரிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: முதல் பதிலுக்கு மறுப்பு. இத்தனை வெட்டு எதற்கு? ஒலியை 0.002 சதவீதம் இழுத்தால் முடிந்தது. சுருதி மாறுவது யாருக்கும் கேட்காது.

சுருதி பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்த அளவு ஒரு சென்ட்டில் (அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) முப்பதில் ஒரு பங்குதான். என் ஆட்சேபம் வேறு: கேமரா மூன்று, ஒவ்வொன்றின் விலகலும் வேறு. ஒன்றுக்காக ஒலியை இழுத்தால் மற்ற இரண்டும் புதிதாக விலகும்.

மீண்டும்: நடுக் கேமராதான் எண்பது சதவீதம் வருகிறது. அதற்கு இழுத்துவிட்டு மற்றதை வெட்டுகிறேன்.

அப்படியானால் கிடைக்கும் லாபம் ஒரு கேமராவுக்கான வெட்டுகள். அதற்காக, ஆல்பமாகவும் போகப்போகும் ஒலியில் இரண்டு பதிப்பு உண்டாகிறது. பின்னால் மாஸ்டரிங் முடிந்து வரும் கோப்பு உங்கள் டைம்லைனில் உட்காராது. ஒரே ஒரு கேமரா மட்டும் என்றால் இழுங்கள், மறுப்பில்லை. அப்போதும் ‘மெயின்டெய்ன் ஆடியோ பிட்ச்’ அணைந்திருக்க வேண்டும். சுருதியைக் காப்பாற்றுகிறேன் என்று அது தம்புராவை நடுங்க வைக்கும், மிருதங்கச் சொல்லின் முனையை மழுங்கடிக்கும்.

கேள்வி: துல்லியமாகப் பொருத்த முடியாத இடத்தில் எந்தப் பக்கம் விடுவது?

படம் முந்தட்டும். ஒலி பிந்தி வருவது நமக்குப் பழக்கம். முந்தி வந்தால் உடனே உறுத்தும்.