இத்தி இட்லியான நாள்

வணக்கம் ஐயா,

மகளுக்கு மூன்று வயது நான்கு மாதம். போன வாரம் ஒருநாள் காலையில் ‘இட்லி’ என்று சுத்தமாகச் சொன்னாள். முன்பெல்லாம் ‘இத்தி’தான். எப்போது மாறியது என்று எனக்கும் தெரியவில்லை, மனைவிக்கும் தெரியவில்லை. போனில் பதினோராயிரம் படங்கள், வீடியோக்கள். தேடிப் பார்த்தேன், ஒன்றில்கூட ‘இத்தி’ இல்லை. எல்லாம் கேக் வெட்டுவது, ‘மாமாவுக்கு ஹாய் சொல்லு’. நாங்கள் எட்டு மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குத்தான் வீடு. பகலெல்லாம் அம்மாச்சியிடம் இருக்கிறாள். எதை, எப்படி எடுத்து வைப்பது?

ச., மதுரை

அன்புள்ள ச.,

‘இத்தி’ போனது போகட்டும். இன்னும் போகாமல் இருப்பதைப் பாருங்கள். நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள் பல பிள்ளைகளுக்குப் பிந்தித்தான் வரும். ‘ட’ வரும்வரை அந்த இடத்தில் ‘த’ உட்கார்ந்திருக்கும். ‘ர’ வரும்வரை ‘ல’வோ ‘ய’வோ. ‘ழ’ கடைசி வரிசை. (உங்கள் ஊரில் பெரியவர்களுக்கே பழம் ‘பளம்’தான், அது வேறு கதை.) ஆகவே வாழைப்பழம், ரயில், குருவி எல்லாம் அநேகமாக இன்னும் மழலையில்தான் இருக்கும். கடந்துபோன எந்த நாளும் அவளுக்கு ‘நேத்து’தானா என்று கவனியுங்கள். அதுவும் சீக்கிரம் சரியாகிவிடும்.

எழுதி வைக்கத் தனி டைரி வாங்காதீர்கள்; பத்தாம் நாள் நின்றுவிடும். வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருப்பீர்கள். தினமும் கிழிக்கிற தாள், தேதி அதிலேயே அச்சாகியிருக்கிறது. அதன் பின்பக்கம் ஒரே ஒரு வரி. காலண்டர் ஆணியிலேயே நூல் கட்டி ஒரு பென்சிலைத் தொங்கவிடுங்கள். ஜெல் பேனா வேண்டாம், அந்த மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறிவிடும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்: “கரண்ட் போனதும்: ஃபேன் தூங்கித்து.” இதைத் ‘தூங்கிவிட்டது’ என்று திருத்தி எழுதினால் தாள் வீண். எந்தச் சமயத்தில் சொன்னாள் என்பதையும் இரண்டு சொல்லில் குறியுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து உங்களுக்கே புரியாது. சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் தாளைத் தூக்கிப் போடுங்கள். வருடத்துக்கு அறுபது தாள் சேர்ந்தாலே அதிகம்.

குரலுக்கு மாதம் ஒருமுறை மூன்று நிமிடம் போதும். வீடியோ வேண்டாம். போனைக் கண்டதும் பிள்ளை நடிக்க ஆரம்பித்துவிடும். ரெக்கார்டரைப் போட்டு, ஒரு முழம் தள்ளி, துணி மேல் கவிழ்த்து வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தட்டு வைக்கிற ஓசைகூட இடியாக விழும். மேலே சுற்றும் ஃபேனை நிறுத்துங்கள். பேச்சை விழுங்குவது பெரும்பாலும் அதுதான். குக்கர் விசில் இருக்கட்டும், அதுவும் அந்த வீட்டின் சத்தம்தானே. ‘சொல்லு, சொல்லு’ என்று தூண்டாமல் சாப்பிடும்போதோ தூங்கப் போகும்போதோ எடுங்கள். முதலில் உங்கள் குரலில் தேதியைச் சொல்லிவிடுங்கள். கோப்பு கைமாறும்போது அதன் தேதி மாறிவிடும். வாட்ஸ்அப் படத்தின் பெயரில் இருப்பது அனுப்பிய தேதிதான், எடுத்த தேதி அல்ல. அதில் அனுப்பத்தான் வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், தரம் குறையாது.

மழலையைச் சேமிப்பது வேறு, வளர்ப்பது வேறு. அவள் ‘இத்தி’ என்றால் நீங்களும் ‘இத்தி’ என்று கொஞ்சாமல், ‘இட்லி வேணுமா, இந்தா’ என்று கொடுத்துவிட வேண்டும். விருந்தாளி முன் சொல்லச் சொல்லி வேடிக்கை பார்க்காதீர்கள். நாலு வயதாகியும் வெளியாட்களுக்குப் பெரும்பாலும் பேச்சுப் புரியவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

படங்களில், அம்மாச்சி சோறு பிசையும் கிண்ணம், அவள் தூங்கும் மூலை, வாசலில் கிடக்கும் செருப்பு, இதெல்லாம் இருக்கிறதா? பிள்ளைத்தமிழின் பத்துப் பருவத்தில் பிறந்தநாளுக்கு இடமே இல்லை. தலையசைப்பது, கைகொட்டுவது, முத்தம் கேட்பது, நிலாவைக் கூப்பிடுவது என்று எல்லாம் சாதாரண நாளின் வேலைகள். வருடத்துக்கு இருபத்துநாலு படம் தேர்ந்து ஸ்டுடியோவில் அச்சுப் போடுங்கள். இன்னொன்று: கர்ப்பகால ஸ்கேன் படத்தை லேமினேஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது வெப்பத்தில் கறுக்கும் தாள், சூடு பட்டால் முழுக்கக் கறுத்துவிடும். போனில் படமெடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி.

இவ்வளவும் உங்களுக்காக. அவளுக்கு? பெரும்பாலானவர்களின் முதல் நினைவே மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. உங்கள் மகள் அந்த வாசலில் நிற்கிறாள். ராபின் ஃபைவுஷ், எலைன் ரீஸ் போன்ற உளவியலாளர்கள் தாயும் பிள்ளையும் நடந்ததைப் பற்றிப் பேசிக்கொள்வதைப் பல வருடம் ஆராய்ந்தவர்கள். விரித்துக் கேட்டு, விவரம் சேர்த்துப் பேசும் வீட்டுப் பிள்ளைகள் நடந்ததை அதிகமாக நினைவில் வைக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ‘பார்க்குக்குப் போனியா?’ என்றால் ‘ம்’ என்று முடிந்துவிடும். ஏழு மணிக்கு வந்ததும் அம்மாச்சியிடம் அன்று நடந்த ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கும்போது, ‘மாடிக்கு அணில் வந்துச்சாமே, நீ என்ன பண்ணுன?’ பதில் வராவிட்டால் ஒரு விவரத்தை நீங்களே போட்டுக் காத்திருங்கள். அணிலைக் குரங்கு என்று சொன்னால் குறுக்கே விழாதீர்கள், முடிக்கட்டும். காலண்டர் தாளுக்கான வரி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

தாள்களை மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் சேர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பூச்சி அண்டாமலிருக்க இரண்டு துண்டு வசம்பு. அவளுக்குக் கட்டியிருந்த வசம்பு வளையல் வீட்டில் எங்காவது கிடந்தால் அதையே போட்டு வைக்கலாம்.