பதில்: கணக்கு வருகிறது, ஆனால் எந்த டெஸ்ட் என்று தெரியவில்லை

புள்ளியியல் சூத்திரமெல்லாம் மனப்பாடம், ஆனால் தேர்வில் கேள்வியைப் பார்த்ததும் டி-டெஸ்ட்டா கை-ஸ்கொயரா என்று குழம்பிவிடுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்குக் கணக்கில் பிரச்சினை இல்லை, கேள்வியை வாசிக்கிற விதத்தில்தான்.

எண்களைக் கொஞ்சம் மறந்துவிட்டு, என்ன அளந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வெறும் வகைகளில் எத்தனை பேர் என்று எண்ணியிருந்தால் (பாஸா ஃபெயிலா, ஆணா பெண்ணா) கை-ஸ்கொயர். மதிப்பெண், எதிர்வினை நேரம் மாதிரி அளவு என்றால் இரண்டு சராசரிகளை ஒப்பிட டி-டெஸ்ட், மூன்றோ அதற்கு மேலோ என்றால் அனோவா. ஒவ்வொருவரிடமும் இரண்டு அளவு எடுத்து, அவை சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று கேட்டால் கோரிலேஷன். பெரும்பாலோர் வழுக்குவது அடுத்த இடத்தில்: இரண்டு குழுவிலும் வேறு வேறு ஆட்களா, இல்லை அதே ஆட்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்தார்களா? அதே ஆட்கள் என்றால் பேர்டு டி-டெஸ்ட். கேள்வியில் இது ஒரே ஒரு சொல்லில் ஒளிந்திருக்கும், பேனாவால் அடிக்கோடு போடுங்கள்.

அப்புறம் டெஸ்ட்டின் முடிவில் வரும் பி-மதிப்பு. 0.03 வந்தால் "பூஜ்யக் கருதுகோள் (வித்தியாசமே இல்லை என்ற அனுமானம்) உண்மையாக இருக்க 3% வாய்ப்பு" என்று தயவுசெய்து எழுதாதீர்கள், மார்க் போய்விடும். அந்தக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் வருவதற்கான வாய்ப்புதான் அது.

திட்ட விலக்கத்தையும் (ஒவ்வொருவரின் அளவும் எவ்வளவு சிதறியிருக்கிறது) திட்டப் பிழையையும் (சராசரி எவ்வளவு மாறக்கூடும்) குழப்பிக்கொள்ளாதீர்கள்: விலக்கத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை; விலக்கம் 15, ஆட்கள் 25 என்றால் பிழை 15/5, அதாவது 3.

பழைய வினாத்தாள்களை எடுத்து, கணக்கே போடாமல் டெஸ்ட்டின் பெயரையும் காரணத்தையும் மட்டும் எழுதிப் பழகுங்கள். எதிலாவது மாட்டிக்கொண்டால் அந்தக் கேள்வியை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.