செயல்பாடு முடிந்தது, பாடம் எங்கே?

கேள்வி: ஒன்று முதல் எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எல்லா வகுப்பிலும் செயல்பாடுகள் மூலம்தான் பாடம் நடத்துகிறோம். பிள்ளைகள் குஷியாகச் செய்கிறார்கள். மறுநாள் ‘நேற்று என்ன தெரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஆய்வகம் கிடையாது, பிரிவேளை 40 நிமிடம்தான். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகப் பொருள் சேர்க்கவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், பொருளைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ‘என்ன நடக்கும்?’ என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளையின் ஊகத்தையும் நோட்டில் எழுத வையுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், பாதிக் கவலை தீரும். தான் சொன்னது சரியா தப்பா என்று பார்க்கும் ஆவலோடு செய்கிற பிள்ளைதான் கவனித்துச் செய்யும். ஊகம் இல்லாமல் செய்தால் கை மட்டும் வேலை செய்யும்.

பொருளைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு கயிறும் இரண்டு இரும்பு நட்டும் எட்டு வகுப்புக்கும் போதும். நட்டைக் கயிற்றில் கட்டிப் பெஞ்சு ஓரத்திலிருந்து தொங்கவிட்டால் ஊசல் தயார். கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்கட்டும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று கட்டி ஆட்டிவிட்டு, எது வேகம், எது மெதுவு என்று கேட்டால் போதும். ஊசல் போய்வரும் தாளத்துக்குக் கைதட்டச் சொல்லுங்கள்.

மூன்றிலிருந்து ஐந்து வரை எண்ணும் வேலை. நான்கு பேர் ஒரு குழு: ஒருவர் இழுத்துவிட, ஒருவர் எண்ண, ஒருவர் கடிகாரம் பார்க்க, ஒருவர் எழுத. போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு. 30 வினாடியில் எத்தனை அலைவு? 25 செ.மீ. ஊசலுக்கு ஏறக்குறைய 30 வரும். ஒரு குழுவுக்கு மட்டும் 31 வந்தால், விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். விடும்போது ‘பூஜ்யம்’, திரும்பி வந்ததும் ‘ஒன்று’. இதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். ஏன் வித்தியாசம் வருகிறது என்று குழுக்கள் தங்களுக்குள் வாதாடட்டும். அளவிடுதல் என்றால் என்ன என்பதை அந்தச் சண்டையை விட நன்றாக எந்தப் பாடமும் கற்றுத்தராது.

உண்மையான விருந்து ஆறு, ஏழு, எட்டுக்குத்தான். ‘இன்னொரு நட்டையும் சேர்த்தால் வேகமாக ஆடுமா?’ என்று கேளுங்கள். பெரும்பாலானோர் ஆமாம் என்பார்கள். எண்ணிப் பார்த்தால் மாற்றம் இருக்காது. ஒரு கவனம்: இரண்டாவது நட்டை முதல் நட்டுக்குக் கீழே தொங்கவிட்டால் நீளமும் கூடிவிடும், முடிவு குழம்பிவிடும். இரண்டும் அருகருகே ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ரொம்ப அகலமாக இழுத்துவிடவும் கூடாது. அப்புறம் நீளத்துக்கு வாருங்கள். ‘25-ஐ 50 செ.மீ. ஆக்கினால் 30 அலைவு எவ்வளவாகும்?’ பாதி, 15 என்று சத்தமாகப் பதில் வரும். எண்ணினால் 21 வரும். 15 வர வேண்டுமென்றால் நீளம் 1 மீட்டர் ஆக வேண்டும். பெஞ்சு உயரம் போதாது, ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். நான்கு மடங்கு நீளத்துக்கு, ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்குதான். எட்டாம் வகுப்பு இதை வரைபடமாகப் போட்டால், கோடு நேராக இல்லாமல் வளைவதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

கணக்குக்கும் இதே வழிதான். பத்து ஐஸ் குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக்குங்கள். 32-லிருந்து 15 எடுக்க வேண்டும், தனிக் குச்சி இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். ‘கடன் வாங்குதல்’ என்று கரும்பலகையில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அவிழ்த்த கையோடு அந்தக் கணக்கை நோட்டிலும் போட வையுங்கள். குச்சி ஒரு நாள், கணக்கு வேறொரு நாள் என்று பிரித்தால் இரண்டும் ஒட்டாது.

40 நிமிடத்தில் ஊகத்துக்கு 5, செய்வதற்கு 15, பேசுவதற்கு 10, எழுதுவதற்கு 10. நேரம் போதாவிட்டால் செய்வதில் குறையுங்கள், பேச்சில் கை வைக்காதீர்கள். பிள்ளைகள் மறுநாள் முழிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், மணி அடித்ததும் பொருட்களை எடுத்துவைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுவதுதான்.

இது வசதியான பள்ளிகளுக்கு மட்டும் உரியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 கிராமத்துப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளைச் சோதனைகள் மூலமே நடத்தியது. தேர்வையும் அதற்கேற்ப மாற்றினார்கள்: புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், செய்முறையும் உண்டு. 2002 வரை நடந்தது. நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’, ஆறு முதல் எட்டுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளுக்கான ‘வானவில் மன்றம்’ என்று இரண்டு திட்டங்களும் 2022-இல் வந்துவிட்டன. அந்தத் திட்டங்களுக்கான பொருட்கள் உங்கள் பள்ளியில் இருந்தால் பீரோவில் பூட்டிவைக்காதீர்கள்.

தேர்வு முறையை உங்களால் மாற்ற முடியாதுதான். ஆனால் வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வியைப் பிள்ளைகள் எடுத்த அளவுகளிலிருந்தே கேட்கலாம்: ‘உங்கள் குழுவுக்கு 31, பக்கத்துக் குழுவுக்கு 30. என்ன நடந்திருக்கும்?’ இதற்கு இரண்டு மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதத்துக்கு வகுப்புக்கு ஒரு பாடம் இப்படி நடத்தினால் போதும், மற்றதை வழக்கம்போல நடத்துங்கள்.